தலைப்பாகையோடு போனவை

தை பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் பென்னிகுயிக்கின் படத்துக்கு முன் பொங்கல் பானை பொங்குகிறது. 2013-இல் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது. நன்றி மறவாத மண் இது. எனினும், அணையைக் கட்டிய கைகளின் கதையை நாம் இன்னும் முழுதாகப் படிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1887-இல் தொடங்கிய பெரியாற்று அணைப்பணி 1895-இல் நிறைவுற்றது. மூவாயிரம் அடி உயரத்தில் அடர்கானகம். ரயிலடியோ ஏறத்தாழ எண்பது மைல் தொலைவில். மெட்ராஸ் பயனீர் படையினர், கொச்சியிலிருந்து வந்த போர்ச்சுகீசியத் தச்சர்கள், கூலியாட்கள் எனப் பலரும் அங்கே உழைத்தனர். ஆண்டின் கணிசமான பகுதியில் மழையும் காய்ச்சலும் வேலையையே நடக்கவிடவில்லை என்கிறது 1906-இல் வெளிவந்த மதுரை மாவட்ட கெசட்டியர்.

பணியின் வரலாற்றை எழுதிய பொறியாளர் மெக்கன்ஸி ஓர் எண்ணிக்கையைத் தருகிறார்: நோயால் மட்டும் இறந்தவர்கள் 483 பேர். அணைக்குச் சற்று வடக்கே இடுகாடு இருக்கிறது. எண் நமக்குத் தெரியும், பெயர்கள் தெரியாது.

மலேரியாவைப் பரப்புவது கொசு என்று ரொனால்டு ராஸ் கண்டறிந்தது 1897-இல். அதாவது, அணை முடிந்து ஈராண்டுகள் கழித்து. ஆயினும் எந்தப் பருவம் ஆளைக் கொல்லும் என்பதை மலையில் இருந்தோர் அதற்கு முன்பே அறிந்திருந்தனர். காரணம் பிடிபடாதபோதும் காலம் பிடிபட்டது. பாதுகாப்பு என்பது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது: நடந்ததைக் கவனித்து, எண்ணி, எழுதி வைப்பதில்.

சட்டம் மெல்லத்தான் வந்தது. 1881-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இயந்திர ஆலைகளுக்கானது. கானகத்து அணைப்பணி அதன் எல்லைக்கு வெளியே நின்றது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இல் வந்தது. கட்டுமானத் தொழிலாளர்க்கென மத்திய அரசின் தனிச்சட்டம் வர 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்றும் விடியுமுன் கம்பம், உத்தமபாளையம், போடிப் பக்கங்களிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் மலையேறுகின்றன. கொள்ளளவை மீறி ஆள் ஏற்றிய ஜீப், வளைவொன்றில் சறுக்கித் தப்பினால் நாம் சொல்லும் வாக்கியம் ஒன்றுண்டு: “தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.” அழகான பழமொழி, ஆறுதலும்கூட. ஆனால் அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. தலைப்பாகை ஏன் போயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

கேட்கப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. புறப்படுமுன் தலைகளை எண்ணலாம். மிகுந்தவர்க்கு இன்னொரு வண்டி சொல்லலாம். மருந்தடிப்பவர் காற்றின் திசை பார்க்கவும், கைகழுவி உண்ணவும் நேரமும் நீரும் தரலாம். வாரக்கூலி வழங்கும் நாளில், அந்த வாரம் தப்பிய ஆபத்துகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, டயர் தேய்ந்திருக்கிறது என்று சொன்ன பெண்ணுக்கு மறுநாள் வேலை மறுக்கப்படக் கூடாது. இந்த ஒன்று இல்லாவிடில் மற்றவை ஏட்டுச்சுரைக்காய்தான். வாய் திறந்தால் கூலி போகும் இடத்தில் எந்த ஆபத்தும் கணக்கில் ஏறாது.

483 என்பது இறந்தபின் எழுதிய கணக்கு. நாம் எழுத வேண்டியது தலைப்பாகைகளின் கணக்கு.