சேரன் பெயரில் ஒரு பச்சைக் கல்

பூமியைக் கடலுக்குள்ளிருந்து தூக்கி வந்த வராகர் குடியிருக்கும் இடம், திருவனந்தபுரத்தின் ஸ்ரீவராகம். அந்தக் கோயில் குளக்கரையிலிருந்து நாகர்கோவில் சாலையில் தெற்கே போனால், கல்குளம் தாலுகாவில் குட்டக்குழி என்றொரு ஊர். அதன் மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்தது ஒரு கனிமம். ஆனால் கதையின் தொடக்கம் பெட்ரோமாக்ஸில் இருக்கிறது.

கல்யாண ஊர்வலத்தில் 'புஸ்' என்று சீறிய அந்த விளக்கின் மேண்டில், எரிந்த பிறகு விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். அந்த வெள்ளை வலையில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. இந்தக் கலவையை 1891இல் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவின் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக். தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். அதற்குப் பிரேசிலை நம்பியிருந்தார்கள். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன்காரர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்தார். யாரும் உதறித் தள்ளும் மணல்! அதன் தடம் பிடித்து மணவாளக்குறிச்சிக்கே வந்து தொழிற்சாலை போட்டார். 1914இல் போர் மூண்டதும் கைதானார். தொழில் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

மின்விளக்கு மேண்டிலை ஓரங்கட்டியது. அணுயுகம் வந்து தோரியத்துக்கு மறுபடியும் மவுசு கூட்டியது. 1953இல் போவி, ஹார்ன் என்ற இரண்டு பிரிட்டிஷ் புவியியலாளர்கள் குட்டக்குழிப் பச்சைக் கல்லை மோனசைட்டின் உறவுக்காரன் என்று விவரித்தார்கள். சேர நாட்டை நினைத்துச் 'சேரலைட்' என்று பெயரும் வைத்தார்கள். எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு தோரியம் ஆக்சைடு.

அத்தனை தோரியம் அதற்குள் எப்படி நுழைந்தது? மோனசைட் படிகத்தில் சீரியம் போன்ற அணுக்கள் ஒவ்வொன்றும் மூன்று மின்னேற்றத்தோடு உட்கார்ந்திருக்கும். இரண்டு எழுந்து போனால் ஆறு குறையும். அந்த இரண்டு நாற்காலியில் கால்சியம் இரண்டோடும் தோரியம் நான்கோடும் வந்து உட்கார்ந்தால் கணக்கு நேர். கட்டடம் மாறவில்லை, குடித்தனக்காரர்கள்தான் மாறினார்கள். கதிர்வீச்சு சிதைத்தாலும் தன்னைச் சீராக்கிக்கொள்ளும் அமைப்பு என்பதால், அணுக்கழிவை அடைத்துவைக்க இது உதவுமா என்று ஆய்வகங்கள் பார்த்துவருகின்றன.

பெயருக்கும் போட்டி வந்தது. 1980இல் நமீபியாவில் பிராபன்ட் என்ற பண்ணையில் கிடைத்த, கால்சியமும் தோரியமும் மிகுந்த கனிமத்துக்குப் 'பிராபன்டைட்' என்று பெயரிட்டார்கள். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று 27 ஆண்டுகள் குழப்பம். 2007இல் தீர்ப்பானது: பிராபன்டைட் என்ற பெயர் நீக்கம், சேரலைட் நிலைக்கும். என்னைக் கேட்டால், நியாயமான தீர்ப்பு. சேரன் பெயர் தாங்கிய கல்லைத் தந்த அந்தக் குட்டக்குழி, 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது.