வீட்டு ஊடக வழங்கி

வீட்டு ஊடக வழங்கி என்பது ஒரு வீட்டில் உள்ள இசை, நிகழ்படம், ஒளிப்படக் கோப்புகளை ஓரிடத்தில் சேமித்து, அவ்வீட்டு வலையமைப்பில் இணைந்துள்ள தொலைக்காட்சி, கணினி, நகர்பேசி ஆகியவற்றுக்கு வழங்கும் கணினி ஆகும். இதற்கு ராஸ்பெரி பை போன்ற ஒற்றைப்பலகைக் கணினிகள் பரவலாகப் பயன்படுகின்றன. இக்கட்டுரை, சென்னை வீடுகளில் உள்ள கருநாடக இசைத் தொகுப்புகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதன் அமைப்பை விளக்குகிறது.

வரலாறு

வீட்டுக் கருவிகள் ஒன்றோடொன்று ஊடகங்களைப் பகிர்வதற்கான டி.எல்.என்.ஏ. கூட்டமைப்பு 2003இல் தொடங்கி 2017இல் கலைக்கப்பட்டது. எனினும் அதன் நெறிமுறையைப் பல தொலைக்காட்சிகள் இன்றும் ஏற்கின்றன. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பொறிக்காக எழுதப்பட்ட எக்ஸ்.பி.எம்.சி. என்னும் கட்டற்ற மென்பொருள் 2014இல் கோடி எனப் பெயர் மாற்றம் பெற்றது. ராஸ்பெரி பை 2012 பெப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. 2018 இறுதியில் எம்பி என்னும் மென்பொருளிலிருந்து ஜெல்லிபின் பிரிந்தது.

சென்னையில் பயன்பாடு

சென்னை வானொலி நிலையம் 1938இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. வானொலிக் கச்சேரிகளை ஒலிநாடாவில் பதிந்து வைப்பது மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதி இசை அன்பர்களிடையே நெடுநாள் வழக்கமாக இருந்தது. இந்நாடாக்கள் வெப்பத்தாலும் கடற்கரை ஈரப்பதத்தாலும் பூஞ்சை பிடித்துச் சிதைகின்றன. வேறெங்கும் படி இல்லாத பதிவு சிதைந்தால் அது முற்றாக இழக்கப்படும். எனவே எண்ணிமப்படுத்தலே முதற் பணியாகும்.

பொது நிலையில் இதையொத்த ஏற்பாடு, 1928இல் நிறுவப்பட்ட மியூசிக் அகாதெமியில் உள்ள எண்ணிமக் கேட்பகம் ஆகும். அங்கு சென்று தொடுதிரை வழியாகப் பதிவுகளைக் கேட்கலாம்.

வன்பொருள்

* கணினி: ராஸ்பெரி பை 4 (2019) முதல் கிகாபிட் ஈதர்நெட்டும் யூ.எஸ்.பி. 3 இணைப்பும் முழு வேகத்தில் கிடைக்கின்றன. இசைக்கு மட்டுமெனில் பழைய வகைகளும் போதும்.
* சேமிப்பகம்: குறுந்தட்டுத் தரத்தில் ஒரு மணி நேர ஒலி ஏறத்தாழ 635 மெகாபைட்டு, நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3 வடிவில் 58 மெகாபைட்டு. ஆயிரம் மணி நேரக் கச்சேரிகள் சுருக்கப்படாத நிலையிலேயே 1 டெராபைட்டு வன்தட்டில் அடங்கும்.
* மின்சாரம்: வன்தட்டுடன் 8 வாட் எனக் கொண்டால் ஆண்டுக்கு 70 அலகு செலவாகும். 80 வாட் மேசைக் கணினிக்கு இது 700 அலகு.

உதிரிகளை அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவில் வாங்கலாம்.

நிறுவும் முறை

1. ராஸ்பெரி பை இயங்குதளத்தின் வரைகலை இடைமுகம் இல்லாத பதிப்பை நினைவட்டையில் எழுத வேண்டும்.
2. வன்தட்டை லினக்சுக்குரிய கோப்பு முறைமையில் வடிவமைத்து, கணினி தொடங்கும்போதே இணையுமாறு அமைக்க வேண்டும்.
3. திசைவியில் வழங்கிக்கு நிலையான முகவரி ஒதுக்க வேண்டும்.
4. கோப்புகளை ஏற்றுவதற்குச் சாம்பாவும், பழைய தொலைக்காட்சிகளுக்கு மினி டி.எல்.என்.ஏ.வும், உலாவி வழிப் பயன்பாட்டுக்கு ஜெல்லிபினும் நிறுவலாம்.

நிகழ்படத்தை ஒரு வடிவிலிருந்து மற்றொன்றுக்கு உடனுக்குடன் மாற்றும் பணிக்கு இக்கணினிகளின் திறன் போதாது. ராஸ்பெரி பை 5இல் அதற்கான வன்பொருட் குறியாக்கியும் இல்லை. ஆகவே, இயக்கும் கருவி நேரடியாக ஏற்கும் வடிவில் கோப்புகளை வைத்திருப்பது நன்று.

கோப்புகளை வகைப்படுத்தல்

ஊடக மென்பொருட்கள் இசைத்தொகுப்பு, பாடகர், பாடல் என்ற அமைப்பை முன்வைத்து எழுதப்பட்டவை. கச்சேரிப் பதிவுகளில் இராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியக் கலைஞர் ஆகிய விவரங்களும் இன்றியமையாதவை. ஒரு கச்சேரியை ஓர் இசைத்தொகுப்பாகக் கொண்டு, ஆண்டு, பாடகர், சபா என்ற வரிசையில் பெயரிடலாம். இராகத்தை 'வகை' என்னும் புலத்தில் இட்டால், கல்யாணி இராகப் பதிவுகள் அனைத்தையும் ஒருங்கே தேடிப் பெறலாம்.

1990களிலும் 2000களிலும் தகுதரம் போன்ற குறிமுறைகளில் எழுதப்பட்ட தமிழ்ப் பெயர்கள் இன்று பொருளற்ற எழுத்துகளாகத் தோன்றும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது.

பாதுகாப்பு

மின்வெட்டின்போது நினைவட்டையில் எழுதும் பணி இடையில் நின்றால் கோப்பு முறைமை பழுதடையலாம். வழங்கியையும் திசைவியையும் தடையிலா மின்வழங்கியில் இணைப்பது இதைத் தவிர்க்கும். 2015 திசம்பர் தொடக்கத்தில் அடையாறு ஆறு கரைபுரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பகுதிகளில் தரைத்தள வீடுகள் மூழ்கின. வன்தட்டையும் அதன் படியையும் ஒரே அலமாரியில் வைத்தால் இத்தகைய நேரத்தில் இரண்டும் அழியும். ஒரு படி வேறு பகுதியில் உள்ள உறவினர் வீட்டில் இருத்தல் வேண்டும்.

பதிப்புரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் (1957) 52ஆம் பிரிவு, தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை மீறலாகக் கருதுவதில்லை. ஒலிப்பதிவுகளுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. வழங்கியை இணையத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது தனிப்பட்ட பயன்பாடு ஆகாது.

இவற்றையும் பார்க்க

* ஒற்றைப்பலகைக் கணினி
* கட்டற்ற மென்பொருள்
* தமிழ் எழுத்துக் குறிமுறைகள்
* கருநாடக இசை