அரை டிக்கெட்

விமான டிக்கெட் போடும் எந்தச் செயலியையும் திறந்து பாருங்கள். எத்தனை பேர் என்று கேட்கும் இடத்தில் மூன்று வரிகள் இருக்கும்: பெரியவர், குழந்தை, கைக்குழந்தை. இரண்டு வயது நிறையாத கைக்குழந்தைக்கு இருக்கை கிடையாது. பெரியவர் கட்டணத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். சென்னையிலிருந்து அமெரிக்கா போய்ச் சேர இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் அம்மாவின் மடிதான் அதற்கு இருக்கை.

மயிலாப்பூரில் இது புதுசு இல்லை. எங்கள் பக்கத்துத் தெருக்களில் வருஷத்துக்கு இரண்டு குடும்பமாவது குழந்தையோடு வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டே இருக்கும். கச்சேரி ரோடு டப்பா செட்டி கடையில் வசம்பும் லேகியமும் வாங்கி வந்து, பெட்டியின் எடையைத் தராசில் நாலு தடவை பார்த்து, எதை எடுத்து வெளியே வைப்பது என்று பாட்டிக்கும் பேத்திக்கும் சண்டை நடக்கும். பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோ என்று கணக்கு உண்டு. குழந்தைக்கு என்ன கணக்கு?

நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். ஒரு படிவத்தில் ஒரு கட்டம் இருந்தால், அதை முதலில் யார் வைத்தார்கள், எந்தச் சிக்கலைத் தீர்க்க வைத்தார்கள் என்று தோண்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. இந்தக் கட்டத்தைத் தோண்டினால் விமானங்களைத் தாண்டிப் பாய்மரக் கப்பல்களுக்குப் போய்ச் சேர்கிறோம்.

1855இல் பிரிட்டன் ஒரு பயணிகள் சட்டம் கொண்டுவந்தது. கப்பலில் இத்தனை பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சொல்ல, முதலில் 'ஒரு ஆள்' என்றால் என்ன என்று வரையறுக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் என்றால் ஒரு ஆள். ஒன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆள். ஒரு வயதுக்குக் கீழே என்றால் கணக்கிலேயே கிடையாது. இப்படி எண்ணி வருகிற தொகைக்கு 'ஸ்டாட்யூட் அடல்ட்', அதாவது சட்டப்படியான ஆள், என்று பெயர். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களும் இதே கணக்கைத்தான் பின்பற்றின. அங்கே வயது வரம்பு மட்டும் பத்து. அதனால்தான் அந்தக் கப்பல்களின் அறிக்கைகளில் இரண்டு எண்கள் பக்கம் பக்கமாக இருக்கும். ஒன்று, கப்பலில் இருந்த 'ஆத்மாக்கள்' எத்தனை. இன்னொன்று, அவர்கள் எத்தனை 'ஆட்களுக்குச்' சமம். இரண்டாவது எப்போதும் முதலாவதைவிடச் சின்னது. அந்த வித்தியாசம்தான் குழந்தைகள்.

இதைப் படித்ததும் கொடுமை என்று தோன்றும். ஆனால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இது கூட்டத்தைக் கட்டுப்படுத்த வந்த சட்டம். இப்படிப்பட்ட சட்டங்கள் இல்லாத காலத்தில் கப்பல்காரர் இஷ்டத்துக்கு ஏற்றினார். குழந்தை எடுத்துக்கொள்ளும் இடம் குறைவு, சாப்பாடு குறைவு, ஆகவே பாதி. பொறியாளர் மூளைக்கு இது சரியாகவே படும். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. குழந்தை எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்று அளந்தார்கள். பயணம் அந்தக் குழந்தையிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்று அளக்கவில்லை.

அந்தப் பயணத்தைப் பார்ப்போம்.

1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கிளம்பியது. அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். கப்பலில் 342 பேர். ஆண்கள், பெண்கள், குழந்தைகள். அன்று சென்னையில் துறைமுகமே கிடையாது. 1870களில்தான் கட்ட ஆரம்பித்தார்கள். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் ஏறி, கரையோர அலைகளை உடைத்துக்கொண்டு போய்த்தான் கப்பலைப் பிடிக்க வேண்டும். மெரினாவில் கால் நனைத்த யாருக்கும் அந்த அலை தெரியும். தஞ்சாவூரிலோ வட ஆற்காட்டிலோ ஏரியை மட்டுமே பார்த்து வளர்ந்த நாலு வயதுக் குழந்தைக்கு இந்தப் படகே எப்படி இருந்திருக்கும்? பயணம் இன்னும் தொடங்கவே இல்லை.

கூலிக் கப்பல்களின் கீழ்த்தளத்தில் பொதுவாக ஒரு ஒழுங்கு உண்டு. தனி ஆண்கள் முன்பக்கம், தனிப் பெண்கள் பின்பக்கம், நடுவில் குடும்பங்கள். கூட ஒரு டாக்டர். உயிரோடு கரையிறங்கும் தலைக்கு இவ்வளவு என்று அவருக்கு ஊக்கத்தொகை வைத்திருந்தார்கள். சோறு, பருப்பு, புளி, மிளகாய், கருவாடு கிடைக்கும். குழந்தைகளுக்குப் பாதி அளவு. கைக்குழந்தைக்கு? தாய்ப்பால்தான். கடல் ஒவ்வாமல் நாலு நாள் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடக்கும் தாய்க்குப் பால் வற்றிவிட்டால் அடுத்து என்ன என்று எழுதிவைத்தவர்கள் யோசிக்கவில்லை. டின் பாலும் ஜவ்வரிசியும் பட்டியலில் சேர்ந்ததெல்லாம் பிற்பாடுதான். அதற்குள் அம்மையும் வயிற்றுப்போக்கும் வேண்டியதை எடுத்துக்கொண்டன. கூலிக் கப்பல்களின் சாவுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள்: பெரியவர்களைவிடச் சின்னக் குழந்தைகளும் கைக்குழந்தைகளும்தான் விகிதத்தில் மிக அதிகமாக இறந்தார்கள். இடத்தில் பாதி, சோற்றில் பாதி என்று எண்ணப்பட்டவர்கள் சாவில் மட்டும் பாதியாக இல்லை.

ட்ரூரோ 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அங்கே இன்னொரு பதிவேடு காத்திருந்தது. வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண். பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் என்று வரிசையாகக் கட்டங்கள். குழந்தைக்கும் தனியாக ஒரு எண் உண்டு. கப்பலில் அரையாக இருந்தது, கரையில் முழு வரிசை ஒன்றைப் பிடித்துக்கொண்டது. 1911 வரை இப்படி 1,52,184 பேர் பதிவானார்கள். அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பலேறியவர்கள்.

முழு எண் கொடுத்தார்களே என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால், அதை எதற்குக் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1895இல் நேட்டால் அரசு ஒரு சட்டம் போட்டது. இனி வரும் கூலிகள் ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தம் போட வேண்டும். இரண்டும் மாட்டேன் என்றால் வருஷத்துக்கு மூன்று பவுண்டு வரி. முதல் தலைமுறைக் கூலிக்கு முதல் வருஷச் சம்பளம் மாசம் பத்து ஷில்லிங். மூன்று பவுண்டு என்றால் அந்தக் கணக்கில் ஆறு மாசச் சம்பளம். 1903இல் இந்த வரியைப் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள். பெண்ணுக்குப் பதின்மூன்று வயதிலிருந்து, பையனுக்குப் பதினாறு வயதிலிருந்து. அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண் இருக்கும் வீட்டுக்கு வருஷம் பன்னிரண்டு பவுண்டு. இடம் கொடுக்கும்போது அரை ஆள், வரி வாங்கும்போது முழு ஆள். நம்ம ஊர் ரயிலிலும் இதன் சின்ன வடிவம் ஒன்று இருக்கிறது: 2016லிருந்து அரை டிக்கெட் எடுத்தால் குழந்தைக்குத் தனி பெர்த் கிடையாது, பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம்.

அதே கடலில் வேறு மாதிரிப் போன குழந்தைகளும் உண்டு. 1896 அக்டோபர் 26 அன்று சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் இருபத்தேழு வயது வக்கீல் ஒருவர் தென்னாப்பிரிக்க இந்தியர்களைப் பற்றிப் பேசினார். மோகன்தாஸ் காந்தி. அடுத்த மாசக் கடைசியில் அவரே மனைவி, இரண்டு மகன்கள், அக்கா மகன் ஆகியோரோடு பம்பாயில் 'கோர்லாண்ட்' கப்பல் ஏறினார். கிளம்பும் முன் பிள்ளைகளுக்கு என்ன உடுத்துவது என்று அவர் பட்ட பாடு சுயசரிதையில் இருக்கிறது. கஸ்தூரிபாவுக்குப் பார்சிப் புடவை, பையன்களுக்குப் பார்சி கோட்டு, எல்லோருக்கும் ஷூ, ஸாக்ஸ். ஷூ கடித்தது, ஸாக்ஸ் நாறியது, கத்தியும் முள்கரண்டியும் கைக்கு வரவில்லை. நடுக்கடலில் புயல். டர்பன் வந்தபின் பம்பாயில் பிளேக் என்று சொல்லி இறங்கவிடாமல் மூன்று வாரத்துக்கு மேல் கப்பலிலேயே வைத்திருந்தார்கள். 1897 ஜனவரி 13 அன்று குடும்பத்தை முதலில் வண்டியில் அனுப்பிவிட்டு, பின்னால் நடந்து வந்த காந்தியைக் கும்பல் அடித்தது. வசதியாகப் போன குடும்பத்துக்கே இந்தக் கதி. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்த மூன்று பையன்களின் கால் வலி வரைக்கும் இன்று நமக்குத் தெரிகிறது. கீழ்த்தளத்துக் குழந்தைகளைப் பற்றி வயதும் அங்க அடையாளமும்தான் தெரியும்.

அதுகூடத் தெரியாத பாதைகளும் நமக்கு இருந்தன. காப்பிக் காலத்தில் இலங்கைக்குப் போனவர்கள் மன்னார் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். பெரும்பாலும் ஆண்கள், பெண்களும் குழந்தைகளும் குறைவு, ஆனால் இருந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்களுக்கு நம்பகமான பட்டியல் கிடையாது. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது பர்மாவிலிருந்து லட்சக்கணக்கானோர் மலையேறி இந்தியாவுக்கு நடந்து வந்தார்கள். அதில் எத்தனை குழந்தைகள் வந்து சேரவில்லை என்று யாரும் எண்ணவில்லை. அரை என்று எண்ணியதற்காகக் கோபப்படும்போது, பூஜ்யம் என்று விட்டதையும் சேர்த்துத்தான் கோபப்பட வேண்டியிருக்கிறது.

நேட்டாலில் அந்தக் கணக்கு ஒரு நாள் திரும்பியது. 1913இல் மூன்று பவுண்டு வரியை எதிர்த்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதைத் தூண்டிவிட்டவர்களில் டிரான்ஸ்வாலிலிருந்து நியூகாசிலுக்குப் போன பதினோரு பெண்கள் முக்கியமானவர்கள். ஒருவரைத் தவிர அனைவரும் தமிழ்ப் பெண்கள். ஆறு பேர் கையில் குழந்தை. நவம்பர் 6 அன்று சார்ல்ஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி ஊர்வலம் கிளம்பியது. காந்தி எண்ணி எழுதி வைத்திருக்கிறார்: 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள்.

இந்த வரியில் ஒருவரும் அரையாக இல்லை.

அந்தப் போராட்டத்தின் நடைப்பயணத்தில் இரண்டு கைக்குழந்தைகள் இறந்தன. ஒன்று குளிரிலும் வெயிலிலும் அலைந்து. இன்னொன்று ஓடையைக் கடக்கும்போது தாயின் கையிலிருந்து நழுவி, தண்ணீரில் போயிற்று. தாய்மார்கள் நிற்கவில்லை, நடந்தார்கள் என்கிறார் காந்தி. வீரம் என்று இதைக் கடந்துவிட எனக்கு மனசு வரவில்லை. நடக்காமல் இருந்தால் திரும்பிப் போக அவர்களுக்கு எந்த வீடு இருந்தது? வேலைநிறுத்தம் செய்தவனுக்குத் தோட்டத்து முதலாளியின் குடிசையும் சுரங்கத்துக் குடியிருப்பும் போய்விட்டன. குழந்தையை விட்டுவிட்டு வர வீடில்லாதவர்கள்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள்.

1914இல் அந்த வரி நீங்கியது. அதே ஆண்டு பிப்ரவரி 22 அன்று, சிறையில் கண்ட காய்ச்சலில் பதினாறு வயது வள்ளியம்மை இறந்தாள். தில்லையாடி என்ற ஊர்ப் பெயரோடு நாம் அவளைச் சொல்கிறோம், பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். கப்பலேறிப் போனவர்களுக்கு அங்கே பிறந்த குழந்தை அவள். ஒரு தலைமுறைக்குள் அரை டிக்கெட்டுகளும் அவர்களோடு வளர்ந்தவர்களும் அந்த நாட்டின் சட்டத்தை அசைத்திருந்தார்கள்.

புலம்பெயர்வை வேலை, சம்பளம், பணம் அனுப்புதல் என்று பெரியவர்களின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். தனியாகப் போகிறவன் திரும்பி வர நினைப்பான். குழந்தையோடு போகிறவனுக்கு அந்த நினைப்பு கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். குழந்தைக்கு அந்த ஊர்தான் ஊர். எங்கெல்லாம் தமிழர்கள் நிலைத்தார்களோ அங்கெல்லாம் முதலில் நிலைத்தது குழந்தைதான். விசாப் படிவத்தில் இன்றைக்கும் அதற்குப் பெயர் 'சார்ந்திருப்பவர்'. யார் யாரைச் சார்ந்திருந்தார்கள் என்பது இருபது வருஷம் கழித்துத்தான் தெரியும்.

டர்பனில் இன்று தமிழ் வேர் தேடும் பேரன் பேத்திகள் அந்தக் கப்பல் பட்டியல்களில் விரலை ஓட்டிப் பார்க்கிறார்கள். கிராமத்தின் பெயரை வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்; பாதி புரியாது. தாத்தாவின் அப்பாவுடைய வரி கிடைத்தால் அதில் வயது ஐந்து என்றோ மூன்று என்றோ இருக்கும். அதற்கு மேலே அவரைத் தூக்கிக்கொண்டு மசூலா படகில் ஏறியவர்களின் வரிகள் இருக்கும். குடும்பத்தின் முதல் ஆளாக அந்த வீட்டார் சொல்வது பெரும்பாலும் அந்தக் குழந்தையைத்தான்.