பாஸ்டன் நாற்காலி

மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் படுக்கையிலேயே போட்டு வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. சும்மா படுத்திருப்பதல்ல. தானாகப் புரண்டு படுக்கக் கூடாது. சோற்றை நர்ஸ் ஊட்டுவார், முகத்தை இன்னொருவர் மழிப்பார், மற்றதெல்லாம் பெட்பேனில். இதய நோயாளிகளை நடக்க வைப்பதே பிழைப்பாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பெட்பேனை நினைத்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும்.

ஆறு வாரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? 1939இல் மேலரி, பால் டட்லி ஒயிட் முதலிய டாக்டர்கள் மாரடைப்பில் இறந்தவர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்து, செத்த தசை தழும்பாக இறுக ஏறக்குறைய ஆறு வாரம் ஆகிறது என்று எழுதினார்கள். கண்டது சரிதான். ஆனால் செத்தவர்களின் இதயத்தில் எடுத்த கணக்கை உயிரோடிருப்பவர்கள் தலையில் கட்டினார்கள். நெஞ்சுவலிக்கு ஆஞ்சைனா என்று பெயர் வைத்த ஹெபர்டனோ, தினம் அரை மணி நேரம் மரம் அறுத்தே கிட்டத்தட்டக் குணமான ஒருவரைப் பற்றி 18ஆம் நூற்றாண்டிலேயே குறித்து வைத்திருந்தார். 1854இல் டப்ளினில் டாக்டர் ஸ்டோக்ஸ், இதய நோயாளிகளை அளவாக நடக்கச் சொன்னார். அதெல்லாம் ஏட்டோடு போயிற்று.

படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் ஆள் முடிந்தார். மாரடைப்பில் தப்பியவர்கள் ஓய்வில் செத்தார்கள். பாஸ்டனில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையின் சாமுவேல் லெவின் இதைக் கண்டு பொறுக்காமல், நோயாளிகளைத் தூக்கிச் சாய்வு நாற்காலியில் உட்கார வைக்கச் சொன்னார். கால் தொங்கினால் கொஞ்சம் ரத்தம் காலிலேயே தங்கும், இதயத்துக்குப் பாரம் குறையும் என்பது அவர் சொன்ன காரணம்.

வார்டில் இதைச் செய்து காட்டும் வேலை அவருடைய சீடர் பெர்னார்டு லோனுக்கு வந்தது. உடன் வேலை பார்த்த இளம் டாக்டர்களுக்கு இது கொலையாகவே பட்டது. லோன் வார்டுக்குள் வந்தால் நாஜிகள் போல் கையை நீட்டி வணக்கம் வைத்தார்களாம். அவரே எழுதியிருக்கிறார். லிதுவேனியாவிலிருந்து வந்த யூதர் அவர். அந்தக் கேலி எங்கே போய்த் தைத்திருக்கும்!

1952இல் 81 நோயாளிகளைப் பற்றி லெவினும் லோனும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. அதில் என்னைப் பிடித்து நிறுத்துவது ரத்த ஓட்டக் கணக்கு அல்ல. நாற்காலியில் உட்கார்ந்த நோயாளிகளின் முகம் தெளிந்தது. ஆறு வாரம் அசையாதே என்றால் நோயாளியின் காதில் விழுவது வேறு: நீ எந்த நேரமும் போய்விடுவாய். நாற்காலியோ, வீட்டுக்குப் போகப் போகிறாய் என்றது. என் காலத்திலும் டிஸ்சார்ஜ் ஆகிறவரின் மனைவி கேட்பதுண்டு: "அவரை மாடிப்படி ஏற விடலாமா சார்?" அவர் கேட்க மாட்டார், தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

1955 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு டென்வரில் மாரடைப்பு. பார்க்க வந்தவர் யார்? அதே பால் டட்லி ஒயிட். இப்போது அவர் சைக்கிள் மிதிக்கும், எல்லோரையும் நடக்கச் சொல்லும் ஒயிட். ஜனாதிபதியின் உடம்பு நிலையைப் பத்திரிகைக்காரர்களிடம் ஒளிக்காமல் சொன்னார், மலம் கழித்தது உட்பட. நாடே பார்த்திருக்க ஐசனோவர் நாற்காலிக்கு வந்தார், படி ஏறிப் பழகினார், அடுத்த ஆண்டு தேர்தலில் மறுபடியும் ஜெயித்தார். எந்த மருத்துவக் கட்டுரையும் இந்த அளவுக்கு ஊரை நம்ப வைத்திருக்காது.

பிறகு டொரான்டோவில் டாக்டர் டெரி கவனா மாரடைப்பு கண்டவர்களை ஓடவே விட்டார். 1973இல் சிலரைப் பாஸ்டன் மாரத்தானுக்கே கூட்டிவந்தார். மாரடைப்புக்குப் பின் வரும் மனச்சோர்வையும் அவர் குழு அப்போதே ஆராயத் தொடங்கியிருந்தது. அந்தச் சோர்வு சாவையும் நெருங்க வைக்கும் என்பதை 1993இல் மான்ட்ரியலில் நான்சி ஃபிரேஷர்-ஸ்மித் 222 நோயாளிகளை ஆறு மாதம் தொடர்ந்து கவனித்துக் காட்டினார்.

அப்படியானால் சோர்வைத் தீர்த்தால் ஆயுள் கூடுமா? 2003இல் அமெரிக்காவில் பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு வந்தது. பேச்சு சிகிச்சையும், தேவைப்பட்டவர்களுக்கு மருந்தும் கொடுத்ததில் மனம் ஓரளவு தேறியது, சாவு குறையவில்லை. பலரும் அதைத் தோல்விக் கணக்கில் எழுதினார்கள். ஒரு மனிதன் இருக்கிற நாளைத் தெளிவோடு கழிப்பதை எந்தக் கணக்கில் எழுதுவார்களோ, எனக்குப் புரியவில்லை.