படைவீரர் பெட்டியைத் திறக்க முதல்

பதிவு கொஞ்சம் நீளம். நேரமில்லாதவர்கள் கடைசிப் பந்தியை மட்டுமாவது வாசியுங்கள். அங்கே உங்களிடம் ஒரு உதவி கேட்டிருக்கிறேன்.

லண்டனில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் போன கிழமை அழைத்தார். "சேர், சின்னச் சின்னப் படைவீரர் பொம்மை வைத்து மேசையில் ஆடுகிற போர் விளையாட்டு இங்கே நிறைய இருக்கு. எங்கட பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி அனுப்பட்டா? தொடக்கக்காரருக்கு எது நல்லம் என்று நீங்களே சொல்லுங்கோ" என்றார். எனக்குச் சந்தோசம். பெற்றோர் சிலரிடம் சொன்னேன். ஒரு தாய் மட்டும், "சேர், நாங்கள் பட்டது காணாதா? அதைப் பெட்டியில போட்டு வேற வரவேணுமா?" என்று கேட்டார். அவர் புத்தளத்தில் ஓலைக் குடிசையில் பிறந்தவர். அவரிடம் உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1990 ஒக்டோபர் கடைசியில் எங்கள் சனம் இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போனபோது எனக்கு ஒன்பது வயது. திரும்பி வந்து பார்த்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை. விறாந்தைச் சீமெந்தில் மூத்தவாப்பா ஆணியால் கீறிய கோடுகள் மட்டும் அப்படியே இருந்தன. நாயும் புலியும் ஆடுகிற கட்டம் அது. மூன்று புலி, பதினைந்து நாய். புலி தாண்டி வெட்டும். நாய்கள் ஒன்றுக்கொன்று துணையாக நின்று புலியை நகரவிடாமல் அடைக்க வேண்டும். ஒரு பக்கம் பலம், மறுபக்கம் எண்ணிக்கை. புளியங்கொட்டையும் சோகியும் போதும், காசு செலவில்லை. (அந்த நாட்களில் "புலியை அடைச்சாச்சு" என்று விறாந்தையிலிருந்து சத்தமாகக் கத்த உம்மா விடமாட்டா. ஏன் என்று பெரியவர்களுக்கு விளங்கும்.)

ஆக, போர் விளையாட்டு லண்டனிலிருந்து புதிதாக வரப்போகிற சாமான் இல்லை. ஹென்றி பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1909 இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய நூலில் இந்த நாட்டுக் கிராமங்களில் ஆடப்பட்ட கட்ட விளையாட்டுகளைப் படத்தோடு பதிந்திருக்கிறார். அதில் ஒன்றின் பெயர் பெரலிகொட்டும. ஆளுக்கு 23 காய். பெயரிலேயே போர் இருக்கிறது. எதிரியின் காயைத் தாண்டித் தாண்டி வெட்டுவதுதான் ஆட்டம்.

சதுரங்கத்தை எடுங்கள். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படைதான் அந்தப் பெயரின் பொருளே. இந்தியாவில் பிறந்து, பாரசீகம் போய், அங்கிருந்து அரபு உலகுக்குள் ஷத்ரஞ்ச் என்று நுழைந்தது. பக்தாத்தில் அது விளையாட்டாக மட்டும் இருக்கவில்லை, படிப்பாகவே மாறியது. ஒன்பதாம் நூற்றாண்டில் அல் அத்லி அதைப் பற்றி நூல் எழுதினார். கலீபா அல் முக்தஃபியின் சபையில் அஸ் ஸூலி பெரும் ஆட்டக்காரராக இருந்தார். அவர் விட்டுப்போன ஒரு புதிரை ஆயிரம் ஆண்டுக்குப் பிறகுதான் அவிழ்த்தார்கள். நாங்கள் சொல்லும் செக்மேட், "ஷாஹ் மாத்" என்பதன் தேய்வுதான்.

உருவம் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. முஸ்லிம் நாடுகளில் காய்களைப் பெரும்பாலும் உருவமில்லாமல்தான் செய்தார்கள். ஈரானின் நிஷாப்பூரில் கிடைத்த 12ஆம் நூற்றாண்டுக் காய்கள் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. யானை என்றால் உருண்டைக் கட்டையில் தந்தம் போல இரண்டு முனை, அவ்வளவுதான். அந்த இரண்டு முனையைப் பார்த்து ஐரோப்பாவில் சிலர் பாதிரியாரின் தொப்பி என்று எண்ணினார்கள் என்பார்கள். எங்கள் ஷாஃபி மத்ஹபில் சூதில்லாத சதுரங்கத்துக்கும் தாயக்கட்டை உருட்டுவதற்கும் ஒரே தீர்ப்பு இல்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. அந்த விவரத்தை மௌலவிமாரிடம் கேளுங்கள், நான் வரலாற்று வாத்தி.

இனிப் பொம்மைப் படைவீரர் விஷயம். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற தகப்பன் 1812 இல் அரசருக்கு ஒரு போர் மேசை செய்து கொடுத்தார். மகன் 1824 இல் அதை வரைபடமும் கட்டைகளுமாகத் திருத்தி, அதிகாரிகளைப் பழக்கும் கருவியாக்கினார். அது பிள்ளைகளுக்கானது அல்ல, உண்மையான போருக்கான ஒத்திகை. அந்தத் தாயின் பயம் வெறும் பயமில்லை என்பதற்கு இது சாட்சி. மறுபக்கம், எச். ஜி. வெல்ஸ் 1913 இல் வீட்டுத் தரையில் ஈயப் படைவீரரை வைத்து ஆடும் விதிகளை ஒரு சிறு நூலாக எழுதினார். இந்தச் சின்னப் போரை ஆடிப் பார்த்தால் பெரிய போர் எவ்வளவு மூடத்தனம் என்று விளங்கும் என்பது அவர் கட்சி. அடுத்த வருடமே முதலாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. ஆகவே வெல்ஸ் சொன்னதை அப்படியே நம்பவும் எனக்கு மனமில்லை.

பெட்டிக்கு வருவோம். மாணவர் முதலில் சொன்னது மெமொயர் 44. இரண்டாம் உலகப் போர், 2004 இல் வந்தது, அழகான பிளாஸ்டிக் படைகள். காலாள் அணிக்கு நான்கு உருவம், டாங்கி அணிக்கு மூன்று, பீரங்கிக்கு இரண்டு. அடிபட அடிபட ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும். விதி இலகு, ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். தொடக்கக்காரருக்கு நல்லதென்று பலரும் சொல்வது சரிதான். ஆனால் அடி விழுவதெல்லாம் தாயக்கட்டையால். ஷெல் எங்கே விழும் என்று கட்டை உருட்டுவதை எங்கள் வீடுகளில் எப்படி எடுப்பார்களோ தெரியாது. ரிஸ்க் என்றொன்று உண்டு, 1957 இல் ஒரு பிரெஞ்சுத் திரைப்பட இயக்குனர் உருவாக்கியது. அதுவும் கட்டைதான். அதோடு முடிய அரைநாள் ஆகும், பாடசாலைக்குச் சரிவராது.

நான் கேட்டது ஸ்ட்ராட்டிஜோ. அதன் மூலம் முதலாம் உலகப் போருக்குச் சற்று முன் பிரான்சில் எர்மான்ஸ் எடான் என்ற பெண்மணி உருவாக்கிய ஆட்டம். பிறகு நெதர்லாந்தில் இந்தப் பெயரோடு வளர்ந்தது. (எங்கள் கோட்டையை 1658 இல் பறங்கியரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தரின் நாடு!) ஆளுக்கு 40 காய், தாயக்கட்டை இல்லை. காயின் முகம் எதிரிக்குத் தெரியாது. சண்டைக்குப் போனால்தான் எதிரில் நிற்பவர் யார் என்று தெரியும். அதில் ஆறு காய்கள் வெடிகள். அவை நகராது. தளபதியே வந்து மோதினாலும் தளபதிதான் போவார். அந்த வெடியை எடுக்கக்கூடியவர் தரத்தில் மிகக் கீழே இருக்கும் மிதிவெடி அகற்றுபவர் மட்டுமே. மொத்தம் ஐந்து பேர். தொடக்கத்திலேயே அவர்களை அற்பமாக நினைத்துப் பலிகொடுப்பவர், கடைசியில் எதிரியின் கொடியைச் சுற்றி வெடி இருக்கும்போது ஒன்றும் செய்ய முடியாமல் நிற்பார்.

முகமாலைப் பக்கம் ஏ9 வீதியால் போனவர்களுக்கு அந்தச் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள் ஞாபகம் இருக்கும். முகக்கவசம் போட்டு, முழந்தாளில் நின்று, அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறியவர்களில் எத்தனையோ பேர் பெண்கள். பிள்ளைகள் அந்தக் காயைக் கையில் எடுக்கும்போது நான் சொல்லப்போகிற கதை அதுதான்.

அந்தத் தாயிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "முதல் நாள் நானும் வந்து இருந்து பார்க்கிறன் சேர்" என்றார். வரட்டும், அவர் பிடிக்கவில்லை என்றால் பெட்டியை மூடி வைத்துவிட்டுச் சதுரங்கம் ஆடுவோம்.

இனி அந்த உதவி. பெட்டி வந்து சேர நாள் எடுக்கும். அதற்குள் பிறிஸ்டல் மட்டையில் நாயும் புலியும் கட்டம் கீறி ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பழக்க நினைக்கிறேன். நாய்கள் எல்லாவற்றையும் வைத்து முடிக்க முதல் அவற்றை நகர்த்தலாமா, கூடாதா? மூத்தவாப்பா எப்படி ஆடினார் என்பது எனக்கு மறந்துபோச்சு. சோனக தெருவில் அந்தக் காலத்தில் ஆடிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுக் கீழே எழுதுங்கள். வேறு ஊர் விதி தெரிந்தவர்களும் எழுதலாம்.