பெயரைத் தொலைத்த முதல் நாயகி

மலையாளத்தின் முதல் திரைப்படமான 'விகதகுமாரன்' திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் திரையிடப்பட்ட ஆண்டு 1928 என்பாரும் உளர். 1930 என்பாரும் உளர். ஜே. சி. டேனியல் தம் சொத்தை விற்று எடுத்த அந்த ஊமைப்படத்தின் பிரதி ஒன்றும் இன்று எஞ்சவில்லை. அதன் நாயகி பி. கே. ரோசி எஞ்சியிருப்பது செவிவழிச் செய்திகளில்தான்.

ரோசி புலையர் சமூகத்தில் பிறந்தவர். காக்காரிசி நாடகங்களில் நடித்துப் பழகியவர். படத்தில் அவர் ஏற்றது சரோஜினி என்னும் நாயர் பெண்ணின் வேடம். அக்காலத் திருவிதாங்கூரை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். ஒடுக்கப்பட்டோர்க்குக் கோயில் நுழைவு உரிமை கிடைத்ததே 1936இல்தான். அத்தகைய ஊரில், நாயகன் அவர் கூந்தலிலிருந்த பூவை முத்தமிடும் காட்சி திரையில் ஓடியதும் கற்கள் பறந்தன, திரை கிழிந்தது. பின்னர் அவர் குடிசைக்கும் தீ வைக்கப்பட்டது என்பர்.

ஊமைப்படத்திற்குக் குரல் இல்லை. ஆடையும் முகமுமே பாத்திரம். அந்த ஆடையை அணிந்தவர் யாரென்று ஊருக்குத் தெரிந்திருந்ததுதான் குற்றமாயிற்று. திரையில் தோன்றிய பெண்ணைப் பாத்திரமாகக் காண மறுத்து, உடலாகவும் பிறப்பாகவும் மட்டுமே கண்ட பார்வை அது.

ஒரு லாரியில் ஏறித் தப்பிய ரோசி, லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்து, 'ராஜம்மாள்' என்ற பெயரில் நாகர்கோவிலில் வாழ்ந்தார். 1956இல் அவ்வூர் தமிழகத்தோடு இணைந்தது. மலையாளத்தின் முதல் நாயகி, தமிழ் மண்ணில் யாரும் அறியாத இல்லத்தரசியாக மறைந்தார்.

டேனியலும் படத்தால் நொடிந்துபோனவரே. 1975இல் வறுமையில் காலமானார். எனினும் 1992 முதல் கேரள அரசு அவர் பெயரில் விருது வழங்கிவருகிறது. ரோசியை 'செல்லுலாய்ட்' (2013) திரைப்படமே பெருவாரியானோர்க்கு அறிமுகப்படுத்தியது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவரை வரைந்து சிறப்பித்தது.

புகழின் இருண்ட பக்கம் என்றால் மிகுபுகழின் சுமையையே நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். ரோசிக்கோ புகழ் என்பது ஒரே ஒரு காட்சி. அதற்கு அவர் கொடுத்த விலை வீடும் ஊரும் பெயரும். இன்று நாம் கொண்டாடும் பெயர், உயிர் பிழைப்பதற்காக அவர் துறந்த பெயர் என்பதை மறத்தலாகாது.