வேடந்தாங்கல்: ஒரு கிராமம் எழுதி வாங்கிய பத்திரம்

வேடந்தாங்கல் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது பள்ளிச் சுற்றுலாவும் புளியோதரைப் பொட்டலமும்தான். ஆனால் அந்த ஏரிக்குப் பின்னால் இருநூறு வருடங்களுக்கு மேலான ஒரு கதை இருக்கிறது.

பெயரிலேயே வேடன் இருக்கிறான். சுற்றுவட்டார நிலப்பிரபுக்கள் வேட்டையாடிய இடம்தான் இது. பிறகு வெள்ளைக்காரச் சிப்பாய்களும் துப்பாக்கியோடு வந்து ஏரியில் இருந்த பறவைகளைச் சுட ஆரம்பித்தார்கள். ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். 1798-ல் அவர் ஒரு கவுல், அதாவது உறுதிப்பத்திரம், எழுதிக் கொடுத்தார். ஏரிப் பறவைகளை யாரும் சுடக்கூடாது, பிடிக்கக்கூடாது. அவற்றைக் காக்கும் உரிமை ஊருக்கு உண்டு. 1858-ல் மறுபடியும் கேட்டு, அதைப் புதுப்பித்தும் வாங்கிக் கொண்டார்கள். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல்தான். கணக்குப் போட்டால் இந்த ஊர் அதற்கு 174 வருடம் முந்தியது!

இவ்வளவு அக்கறை எதற்கு? பறவைப் பாசம் ஒரு காரணம் என்றால், வயல் இன்னொரு காரணம். ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாயும்போது தழைச்சத்தும் கூடவே போகிறது. காசில்லாமல் கிடைக்கும் உரம். பறவைக்கு மரத்தில் இடம், விவசாயிக்கு உரம். இரண்டு பக்கமும் லாபம் உள்ள ஒப்பந்தம்தான் நீண்ட நாள் நிற்கும் போலிருக்கிறது.

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்தால் பறவைகளும் வந்துவிடும். தண்ணீரில் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், கூழைக்கடா எல்லாம் கூடு கட்டும். வடக்கு ஆசியாவில் இருந்து நீலச்சிறகி வாத்துகள் குளிர்காலத்தைக் கழிக்க வரும். டிசம்பர், ஜனவரியில் கரையில் நின்றால் குஞ்சுகளின் சத்தத்தில் பேசுவதே கேட்காது. மழை பொய்த்த வருடம் மரங்கள் வெறிச்சோடிக் கிடக்கும்.

ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். இத்தனை பறவைக்கும் அங்கேயே சாப்பாடு எப்படிக் கிடைக்கும்? அவை தங்குவது மட்டும்தான் அங்கே. இரை தேடுவது சுற்றியுள்ள வயல்களிலும் மற்ற ஏரிகளிலும். நத்தைகுத்தி நாரைக்கு வேண்டிய நத்தை நெல் வயலில்தானே இருக்கிறது. அதனால்தான் 1998-ல் சரணாலயமாக அறிவித்தபோது, ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சேர்த்தார்கள். 2020-ல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை வந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 2022-ல் வேடந்தாங்கல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம் பிடித்தது.

1798-ல் பறவைகளுக்கு ஆபத்து துப்பாக்கியால் வந்தது. அது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கும் கேட்டது. வயல் மனையாவதும், பக்கத்து ஏரியில் கழிவு கலப்பதும் அப்படிச் சத்தம் போடாது. ஏரியில் ஒரு பறவையைக்கூட யாரும் தொடாமலே, ஒரு வருடம் அவை வராமல் போகலாம். அன்றைய ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போனார்கள். பறவைகள் இரை தேடும் அந்த 5 கிலோமீட்டருக்காகக் கேட்க வேண்டியவர்கள், அடுத்த முறை பைனாகுலரோடு அங்கே போகிற எல்லோரும்தான்.